கூட்டம் முடிந்த பிறகு பத்து நிமிடம்

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. புதன்கிழமை, மூன்றாவது பீரியட். எட்டாம் வகுப்புக்கு நதிகள் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிப் பணியாள் வாசலில் வந்து நின்று, "டீச்சர், ஆபீஸ்ல போன்" என்றார். யாரிடமிருந்து என்றும் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம். அன்று சொல்லவில்லை.

போனில் பேசிய குரலுக்கு அவசரம் இருந்தது. சிறை அலுவலகம் என்றது. அத்தானின் கைதி எண்ணைச் சொல்லி, "நீங்க அவருக்கு என்ன முறை?" என்று கேட்டது.

"அக்கா வீட்டுக்காரர்."

"சரி, அப்பச் சொந்தம்தான். ஆள் தவறிட்டார். அடையாள அட்டையோட வந்து வாங்கிக்குங்க. மூணு மணிக்குள்ள வந்தா நல்லது. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுற ஆபீசர் இருக்க மாட்டார்."

"எப்ப? என்ன ஆச்சு?"

"ரெண்டு நாளாவே சீரியஸாத்தான் இருந்தார்."

"எங்களுக்கு யாரும் சொல்லலையே."

"அதான் இப்பச் சொல்றோம்ல" என்றது குரல். கோபமாகக்கூட இல்லை. ரயில் புறப்படும் நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

பையை எடுக்க வகுப்புக்குத் திரும்பினேன். கரும்பலகையில் ஒரு நதி பாதிவரை வந்திருந்தது. கடலில் சேர்க்கவில்லை.

அத்தான் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டாவது நாள் அது.

*

என் அக்காவின் கணவர் மைக்செட்காரர். ஊரில் அவருக்கு அதுதான் பெயர், மைக்காரர். இரண்டு அறை வீடு. முன்னறையில் மனிதர்கள் உட்கார இடம் கிடையாது. ஆறு ஹார்ன் ஒலிபெருக்கிகள் ஒன்றன் வாயில் ஒன்றாகச் செருகப்பட்டு, மூலையில் கூரைவரை நிற்கும். சுவரோரம் நான்கு பெட்டி ஸ்பீக்கர். கட்டிலுக்கு அடியில் வயர் சுருள்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை மீட்டர் என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கும். ஜன்னலுக்கு அருகே ஒரு சின்ன மேஜை. அதில் பற்றவைக்கும் கோல், ஈயக்கம்பி, திருப்புளிகள், ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ். கூட்டம் முடிந்து வந்ததும் அந்தப் பிரஷ்ஷால் மைக்கின் வலையைச் சுத்தம் செய்வார். "தலைவருங்க விட்டுட்டுப் போன எச்சில் கொள்கையெல்லாம் இதுலதான் இருக்கு" என்பார்.

அக்காதான் அவருக்கு உதவியாள். ஹார்ன் கட்ட அவர் மரத்தில் ஏறினால் கீழே வயரை விடுவது அக்கா. சாலையைக் கடக்கும் வயரில் லாரி மாட்டாமல் பார்த்துக்கொள்வதும் அக்கா. கல்யாணமான புதிதில், "உங்க மாப்பிள்ளை எனக்குப் போட்ட சங்கிலி நூத்தம்பது மீட்டர், கறுப்புக் கலர்" என்று எங்கள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

அவருக்குக் கட்சி இல்லை. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, வேலைநிறுத்தம், பள்ளி ஆண்டுவிழா, எல்லாவற்றுக்கும் அதே செட்தான். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெண்டே கட்சி. கரண்ட் இருக்கு, கரண்ட் இல்லை." மைக்கை எப்படிப் பிடிக்கிறார் என்பதை வைத்தே ஆளை எடை போடுவார். அமைச்சர்கள் ஐஸ்கிரீம்போலப் பிடிப்பார்களாம், உருகி வழிந்தாலும் விடமாட்டார்கள். அதிகாரிகள் பாம்பைப் பிடிப்பதுபோல. கவிஞர்கள் பிடிக்கவே மாட்டார்கள், மைக்தான் அவர்களைத் தேடி வரவேண்டும். "நீ எப்படிப் பிடிப்பே தெரியுமா டீச்சர்? சாக்பீஸ் மாதிரி. ரெண்டு விரல்ல." என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே டீச்சர்தான்.

சோதனைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணமாட்டார். "கேக்குதா? பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்குதா?" என்பார். கடைசி வரிசையில் யாராவது கை தூக்கும்வரை மேடையை யாருக்கும் விடமாட்டார். ஒருமுறை ஓர் அமைச்சரையே படியில் நிற்கவைத்துவிட்டு, திடலின் கோடியில் நின்ற கடலை விற்பவரின் கைக்காகக் காத்திருந்தார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம் முடிந்து, அவர் செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிய பிறகு, ஒரு பெண் குழந்தையைக் காணோம் என்று ஓடிவந்தாள். மறுபடி வயர் இழுத்துக் கட்ட அரைமணி நேரம் ஆகும். ஆளாளுக்கு ஒரு திசையில் கத்திக்கொண்டு ஓடினார்கள். குழந்தை நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்தது, நல்லபடியாக. ஆனால் தேடிய அந்த ஒரு மணி நேரத்தை அத்தான் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எந்தக் கூட்டம் முடிந்தாலும் பத்து நிமிடம் மைக்கை அணைக்கமாட்டார். மேடையின் ஓரத்தில், எட்டுகிற உயரத்தில், ஸ்டாண்டில் நிறுத்திவைப்பார்.

முதலில் சாவி தொலைத்தவர்கள் வந்தார்கள், பிறகு குடை தொலைத்தவர்கள். பிறகு தெருக்குழாயில் எட்டு நாளாகத் தண்ணீர் இல்லை என்று ஒருவர் சொன்னார். ஒருவர் அண்ணனோடு நான்கு வருடமாகப் பேச்சில்லாதவர். மைக்கில் வந்து, "அண்ணே, தப்பு என் மேலதான், வீட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். ஒரு குடிகாரர் இரண்டு வரி பாடினார், மூன்றாவது வரிக்கு அழுதுவிட்டார். கூட்டத்துக்கு வராதவர்கள்கூட அந்தப் பத்து நிமிடத்துக்கு வர ஆரம்பித்தார்கள். ஊரில் அதற்கு மிச்ச மைக் என்று பெயர்.

"பேசறவன் பேசிட்டுப் போயிட்டான். கேட்டவங்களுக்குப் பத்து நிமிஷமாவது வேணாமா?" என்பார் அத்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் கைவைத்தபடியே நிற்பார். கெட்ட வார்த்தை வந்தால் குறைக்கத்தான். பதினேழு வருடத்தில் ஒருமுறைகூடக் குறைத்ததாக அக்காவுக்கு நினைவில்லை.

*

அந்தச் சனிக்கிழமை சந்தைத் திடலில் அமைச்சர் வந்த கூட்டம். அனுமதிச் சீட்டு மாலை நான்கிலிருந்து ஏழுவரை. ஆறரைக்கே முடிந்துவிட்டது. அமைச்சரின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. இஸ்திரிக்காரப் பெண் மைக் முன்னால் வந்து நின்றாள். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவள்தான். அத்தானின் சட்டைகளும் அவளிடம்தான் போகும். அவள் குள்ளம். அத்தான் ஸ்டாண்டை இரண்டு பிடி இறக்கிவிட்டார்.

அவள் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

"என் வீட்டுக்காரரை செவ்வாக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. இன்னிக்குச் சனிக்கிழமை. கோர்ட்டுக்கும் கொண்டு போகலை, வீட்டுக்கும் அனுப்பலை. கேட்டா, அப்படி யாரும் இங்க இல்லைங்கறீங்க. நான் அடிக்காதீங்கன்னுகூடச் சொல்லலை. எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க."

ஆறு ஹார்ன். சந்தை முழுக்கக் கேட்டது. கலைந்துகொண்டிருந்த கூட்டம் நின்றது. அமைச்சரின் கார்க் கண்ணாடி இறங்கி, மறுபடி ஏறியது. யாரும் கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். மேடைக்குக் கீழே நின்ற இன்ஸ்பெக்டர் அத்தானைப் பார்த்தார். அத்தான் குமிழில் வைத்த கையை எடுக்கவில்லை.

கைதுசெய்த ஆளை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும். அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அதை நான் பதினோரு வருடமாக எட்டாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன், ஐந்து மதிப்பெண் கேள்வி. இந்த ஆண்டு பாடச்சுமையைக் குறைப்பதற்காக அந்தப் பாடத்தைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை இஸ்திரிக்காரப் பெண்ணின் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கை வீங்கியிருந்தது. ஆனால் வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அத்தானுக்காக வந்தார்கள்.

அவர் ஜன்னலோர மேஜையில் ஒரு மைக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட விழா. நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். நான்கு போலீஸ்காரர்கள் முன்னறையில் நிற்க இடமில்லாமல், ஹார்ன்களுக்கு நடுவே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரே ஒரு வயர்தான் பாக்கி, சார். பத்தவச்சிட்டு வந்துடறேன்" என்றார் அத்தான்.

"வந்து பத்தவச்சிக்கலாம்யா. ஒரு மணி நேர விசாரணை. சட்டையைப் போடு."

"ஒரு மணி நேரம்னா நம்பலாமா சார்? உங்க ஸ்டேஷன் கடிகாரம் கொஞ்சம் மெதுவாப் போகுதுன்னு கேள்விப்பட்டேன்."

ஒரு போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். மாலையில் லாரி வந்து செட்டை ஏற்றிக்கொண்டு போனது. ஹார்ன் ஆறு, ஸ்பீக்கர் நான்கு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, மைக் இரண்டு, வயர் சுருள் பதினொன்று. அக்கா பட்டியலில் கையெழுத்துப் போட்டாள். மேஜைமேல் பிரிந்து கிடந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர், "இது என்னம்மா?" என்று கேட்டார். "மைக்கு" என்றாள் அக்கா. "இதைப் பார்த்தா மைக் மாதிரியா இருக்கு?" என்று சொல்லி விட்டுவிட்டார்.

*

வழக்கு எதுவும் போடவில்லை. வழக்குப் போட்டால் சாட்சி வேண்டும், ஜாமீன் கேட்பார்கள். தடுப்புக் காவல் என்றார்கள். செய்த குற்றத்துக்காக அல்ல, இனிமேல் செய்துவிடக்கூடாது என்பதற்காக ஒருவரை ஓராண்டுவரை உள்ளே வைக்கலாம். காரணங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஐந்து பக்கம் கொடுத்தார்கள். "பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கும் உள்நோக்கத்துடன், சட்டவிரோத நபர் ஒருவரிடம் ஒலிபெருக்கியை ஒப்படைத்து" என்று ஒரு வரி. சட்டவிரோத நபர் என்றால் தெருமுனையில் சட்டை தேய்ப்பவள்.

அன்று இரவு சாசனத்தை எடுத்துப் படித்தேன். நான் நடத்திய பாடம்தான். பாடப்புத்தகம் முதல் இரண்டு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறது. மூலத்தில் அது தொடர்கிறது. காரணம் சொல்லாமல் யாரையும் சிறைவைக்கக்கூடாது, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை மறுக்கக்கூடாது, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி. அதற்கு அடுத்த வரியில், மேற்சொன்னவை எதுவும் தடுப்புக் காவலில் உள்ளவருக்குப் பொருந்தாது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்வோம். இங்கே வேலி போடும்போதே மாடு நுழைய அளவெடுத்து வழி விட்டிருக்கிறார்கள்.

பதினோரு வருடமாக ஒரு மாணவிகூட, "அடுத்த வரி என்ன டீச்சர்?" என்று கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

சிறையில் பார்வையாளர் கூடம் நீளமானது. நடுவே இரண்டு கம்பிவலைகள், இரண்டுக்கும் இடையே மூன்றடி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தவேண்டும். அத்தான் முதல்நாளே கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எக்கோ பயங்கரமா அடிக்குது. ரெண்டு ஸ்பீக்கரை அந்த மூலையில வச்சா சரியாயிடும். ஸ்டேஷன்ல வச்சிருக்கானே என் செட்டு, அதைக் குடுக்கச் சொல்லு. இலவசமாவே கட்டித் தரேன்."

"விளையாடாதீங்க" என்றாள் அக்கா.

"டீச்சர், பேசறதுக்கு உரிமை இருக்குன்னு உன் பாடத்துல வருதுல்ல?"

"வருது அத்தான்."

"பேசறவங்களுக்கு மைக் குடுக்கறதுக்கு?"

"அது தனியாப் போடலை."

"அப்பக் கரெக்டாத்தான் பிடிச்சிருக்காங்க."

ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூன்று பேர். அவர்கள் முன்னால் வக்கீல் போகக்கூடாது, மனு அனுப்பலாம். அதற்காக ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் மனுவுக்கு ஒரே வரி சொன்னார்: "அந்தப் பொம்பளை மைக்கைப் பிடுங்கிட்டான்னு எழுதுங்க. அதோட முடிஞ்சது."

வலைக்கு இந்தப் பக்கமிருந்து அக்கா அதைக் கத்திச் சொன்னாள். அத்தானுக்கு அப்போதுதான் கோபம் வந்து பார்த்தேன்.

"பிடுங்கினாளா? நான்தான்டி ஸ்டாண்டை இறக்கிவிட்டேன். போதாததுக்கு வால்யூமையும் ஏத்தினேன். அவ குரல் சின்னக் குரல்."

"இப்ப அதையெல்லாம் யாரு கேட்டா? உங்க உண்மையை உலையில போட்டா சோறாகுமா?"

"அவளைப் பிடிச்சு உள்ள போடுவான். அப்புறம் அவ புருஷன் வந்து எந்த மைக்குல கேப்பான்? என் செட்டும் அவங்ககிட்டதான் இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். படித்தவள் நான்தான். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இன்றுவரை அந்த யோசனையின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவளையும் மாட்டவைக்க வேண்டாம், பொய்யும் வேண்டாம். அத்தானுக்கு எந்த உள்நோக்கமும் இல்லை என்று காட்டினால் போதும். அதற்கு மிச்ச மைக்கைப் பற்றியே எழுதிவிடலாம். எப்போதும் எல்லோருக்கும் கொடுப்பதைத்தான் அன்றும் கொடுத்தார் என்று.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். "கடந்த பதினேழு ஆண்டுகளாக, எந்தக் கூட்டமாயினும், அது முடிந்தபின் பத்து நிமிடம் ஒலிபெருக்கியைப் பொதுமக்களுக்குத் திறந்துவைப்பதை இவர் தவறாத வழக்கமாகக் கொண்டுள்ளார்" என்று தொடங்கினேன். தொலைந்த குழந்தை, சாவி, குடை, தண்ணீர் வராத குழாய், அண்ணன் தம்பி. பதினொரு சம்பவங்கள், நாள், இடத்தோடு. ஊரில் வீடு வீடாகப் போய் நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். கடலை விற்பவர் கைநாட்டு வைத்தார். வலைக்கு முன்னால் நின்று அத்தானுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"டீச்சர் எழுத்துன்னா சும்மாவா" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "நான் இவ்வளவு நல்லவன்னு எனக்கே தெரியாது."

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரே தாள். அதை நான் மனப்பாடம் செய்ய முயலவில்லை, தானாகவே பதிந்துவிட்டது. "இச்செயல் தற்செயலானது அல்ல என்பதும், பதினேழு ஆண்டுகளாகத் தொடர்ந்து செய்யப்பட்டுவரும் வழக்கம் என்பதும் மனுவிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. வெளியே விட்டால் மீண்டும் இதையே செய்வார் என்பதற்குப் போதுமான ஆதாரம் உள்ளது. காவல் ஓராண்டுக்கு உறுதிசெய்யப்படுகிறது."

ஒருமுறை செய்திருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. பதினேழு வருடத்தை நான் எண்ணிக்கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அக்காவின் காசில் வைத்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. தாளை வாங்கி, மடித்து, வயர் சுருள்கள் இருந்த கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அங்கே இப்போது இடம் நிறைய இருந்தது.

*

நான்காவது மாதம் இஸ்திரிக்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை. கைதாவதற்கு முந்தைய நாள் அத்தான் தேய்க்கக் கொடுத்தவை. முன்னறை வெறுமையாக இருந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா" என்றாள் அக்கா. "இப்பதான் இந்த வீட்டுல உட்கார இடம் இருக்கே."

அவள் உட்காரவில்லை. "அக்கா, நேத்து ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வந்தாங்க. அண்ணன் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா விட்டுடுவாங்களாம். நான் பிடுங்கினேன்னு. எழுதிக் குடுத்துடுங்கக்கா. நான் பிடுங்கினதாவே இருக்கட்டும்."

"உன் புருஷனுக்குத் தெரியுமா?"

"அவருதான் போகச் சொன்னார்."

அக்கா அவள் கையிலிருந்த சட்டைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஏன்டி, நான் உன்னைத் திட்டணும்னுதான் நாலு மாசமா நினைச்சுக்கிட்டிருக்கேன். உன் வண்டியைத் தாண்டிப் போறப்பெல்லாம் வாயில வருது. இப்படி வந்து நின்னா எப்படித் திட்டறது?" என்றாள்.

"திட்டுங்கக்கா."

"போடி. சட்டையைக் குடு." வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நீயே வச்சிரு. அவர் வர்ற அன்னிக்குத் தேய்ச்சுக் குடு. இப்பக் குடுத்தா மடிப்புல பூச்சி அரிக்கும்."

இந்த முறை அக்கா கெஞ்சினாள். வலையைப் பிடித்துக்கொண்டு, அவளே சம்மதிச்சிட்டா, அவ புருஷனே சம்மதிச்சிட்டான், உங்களுக்கு என்ன என்று. அத்தான் இளைத்திருந்தார். மழைக்காலத்தில் பிடித்த இருமல் போகவில்லை. சிறை மருத்துவர் வெள்ளை மாத்திரை கொடுத்தாராம். முதுகுவலிக்காரருக்கும் அதே வெள்ளை மாத்திரைதானாம்.

"பதினேழு வருஷம் குடுத்தேன்னு டீச்சர் எழுதிட்டா. அது உண்மை" என்றார் இருமலுக்கு இடையே. "இப்பப் போய்ப் பிடுங்கிட்டான்னு எழுதினா அந்தப் பதினேழு வருஷமும் பொய்யாயிடும். அந்தக் குழந்தையைத் தேடின பொம்பளை, அவளும் பிடுங்கினதா ஆயிடும்." பிறகு சிரித்தார். "அதுவுமில்லாம, அவ ஒரு நிமிஷம்தான் பேசினா. அவளுக்கு இன்னும் ஒம்போது நிமிஷம் பாக்கி இருக்கு."

அக்கா திரும்பி நடந்தாள். பேருந்தில் வரும்போது ஒரே ஒருமுறை வாயைத் திறந்தாள். "நீ அந்த மனுவை எழுதாம இருந்திருந்தா, இவர் இப்படிப் பேசியிருக்க மாட்டார்." உண்மைதான். நான் அவருக்கு அவரையே வாசித்துக் காட்டிவிட்டேன். பிறகு அதிலிருந்து அவரால் இறங்க முடியவில்லை.

உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டோம். பதினொரு முறை பட்டியலில் வந்தது. அரசு வக்கீல் அவகாசம் கேட்டார், கிடைத்தது. நீதிபதி விடுப்பு. கோப்பு வரவில்லை. கோப்பு வந்தது, பக்கம் தெளிவாக இல்லை. சுதந்திரம் பற்றிய வழக்குகளை முதலில் எடுக்கவேண்டும் என்று அந்த நீதிமன்றத்தின் சுவரிலேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதன் அடியில் பெஞ்சு போட்டிருக்கிறது. அதில்தான் காத்திருந்தோம்.

கடைசியாகப் பார்த்தது இருநூறாவது நாள் அளவில். அத்தானுக்குக் குரல் போயிருந்தது. உதடு அசைந்தது, ஒன்றும் வந்து சேரவில்லை. சுற்றிலும் அறுபது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொல்லிவிட்டு, நிறுத்தி, எங்களைப் பார்த்தார். அந்த உதட்டசைவு மட்டும் எனக்குப் புரிந்தது. பதினேழு வருடமாக எல்லா மேடையிலும் பார்த்தது.

"கேக்குதா?"

நான் கையைத் தூக்கினேன். கடைசி வரிசைக்காரர் தூக்குவதுபோல. அவர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "என்னடி சொன்னார்?" "உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார்" என்றேன்.

*

அந்தப் புதன்கிழமை இரண்டு ஐம்பதுக்குச் சிறை வாசலில் இருந்தோம். கையெழுத்துப் போடும் அதிகாரி இருந்தார். நுரையீரல் தொற்று, இயற்கை மரணம் என்று எழுதியிருந்தது. எதிரில் இரண்டு போலீஸ் வேன். ஐந்து மணிக்குள் அடக்கம் முடியவேண்டும், இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்று ஓர் ஆணையைப் படித்துக் காட்டினார்கள். "ஒலிபெருக்கி எங்ககிட்ட ஏதுங்க? உங்ககிட்டதானே இருக்கு" என்றாள் அக்கா. படித்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

இருபது பேருக்கு மேல் வந்தார்கள். எண்ணிய போலீஸ்காரர் இருபதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார், கைது செய்ய வந்த அன்று சிரிப்பை இருமலாக்கியவர்தான். கடலை விற்பவர் வந்திருந்தார். இஸ்திரிக்காரப் பெண் அந்தச் சட்டையில் ஒன்றைத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். அதைத்தான் போட்டோம். சூடு இன்னும் இருந்தது.

முடிந்த பிறகு யாரும் கிளம்பவில்லை. யாரும் பேசவும் இல்லை. என்ன நடக்கிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டுமுறை, "முடிஞ்சதுல்ல, கலைங்க" என்றார். அப்படியே நின்றார்கள். பிறகு கடலை விற்பவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், தலையசைத்தார், எல்லோரும் நகர்ந்தார்கள். பத்து நிமிடம் ஆகியிருந்தது.

நேற்று உயர்நீதிமன்றத்தில் பன்னிரண்டாவது முறையாக எங்கள் மனு வந்தது. இந்த முறை கோப்பு இருந்தது, நீதிபதி இருந்தார், அரசு வக்கீல் அவகாசம் கேட்கவில்லை. காவலில் இருந்தவர் இறந்துவிட்டபடியால் விசாரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று மனுவை முடித்துவைத்தார்கள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. செட்டைத் திருப்பித் தருவதைப் பற்றிக் கேட்டோம். அது வேறு மனு என்றார்கள்.

அக்கா வீட்டு ஜன்னலோர மேஜையை யாரும் தொடவில்லை. பற்றவைக்கும் கோல் அதன் தாங்கியில் இருக்கிறது. மூன்றாவது மைக் பிரித்தபடியே கிடக்கிறது, வலை தனியாக, உடம்பு தனியாக. உள்ளே இரண்டு வயர். சிவப்பு வயர் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளை வயரின் நுனி சீவி, முறுக்கி, தயாராக இருக்கிறது. அது இன்னும் பற்றவைக்கப்படவில்லை.